வராத நாளும் விடுப்பு நாளும்

தொழிற்கூடம் எதுவாயினும் அங்கே வருகைப் பதிவேடு என்றொரு நீண்ட புத்தகம் இருக்கும். இடப்பக்கத்தில் பெயர்கள், வலப்பக்கத்தில் மாதத்தின் நாட்களுக்கெல்லாம் கட்டங்கள். வந்தவருக்கு ஒரு குறி, விடுப்பில் இருப்பவருக்கு ஒரு குறி, சொல்லாமல் நின்றுவிட்டவருக்கு ஒரு குறி. இந்நாளில் பல இடங்களில் விரல்ரேகை பதியும் இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும் அதன் வயிற்றிலும் இதே மூன்று குறிகள்தாம் இருக்கின்றன. திண்டுக்கல்லில் ஒரு தோல் பதனிடும் நிலையத்தில் 1979 முதல் 2011 வரை அப்பதிவேட்டை எழுதும் பணி நமக்கு வாய்த்தது. தொழிலாளியின் நோயைப் பற்றி அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாம் கண்ட வழக்குகளில் பெரும்பாலானவை, இரண்டாம் குறிக்கும் மூன்றாம் குறிக்கும் இடையிலிருந்த வேறுபாட்டிலேயே தோன்றி, அதிலேயே முடிந்தன.

நோயுற்றவர் முதலில் கேட்பது, “இந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா?” என்பதே. இயல்பான கேள்விதான். அடுப்பு எரிய வேண்டுமல்லவா? எனினும் அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “இந்த நாட்கள் என் பெயரில் எப்படி எழுதப்படுகின்றன?” என்பது அது. ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்றால் பணமும் உண்டு, வேலையும் உண்டு. ஊதியமில்லா விடுப்பு என்றால் பணம் இல்லை. ஆனால் வேலை இருக்கிறது. வராத நாள் என்று எழுதப்பட்டுவிட்டாலோ பணம் போனதோடு வேலைக்கும் ஆபத்து வந்து சேர்கிறது. காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தவரும், கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனவரும் ஏட்டில் ஒருவரே ஆகிவிடுகின்றனர். ஊதியமில்லா விடுப்பைப் பலர் இழிவாக எண்ணுகிறார்கள். அதுவும் விடுப்பே என்பதையும், கேட்டுப் பெற வேண்டிய ஒன்று என்பதையும் நம் குடும்பங்களில் போதிய அளவு உணரவில்லை.

அரசுப் பணியில் இருப்போரைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. விதிகளை அவர்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். நடுவண் அரசின் ஊழியருக்கு 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி ஆண்டுக்கு 20 நாள் அரைச் சம்பள விடுப்பு கணக்கில் ஏறுகிறது. மருத்துவச் சான்று கொடுத்தால் அதில் இரண்டு நாளை ஒரு நாளாக மாற்றி முழுச் சம்பளம் பெறலாம். எல்லாம் தீர்ந்த பின்னும் நோய் தீராவிட்டால் சம்பளமில்லா விடுப்பு இருக்கிறது. மேசையும் நாற்காலியும் அவருக்காகக் காத்திருக்கும். நாம் பேச வந்தது மேசையும் நாற்காலியும் இல்லாதவர்களைப் பற்றி.

நம் அத்தா மதுரையில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தார். காலை ஒன்பது மணிக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு கடை கட்டும்வரை நிற்பதுதான் வேலை. (கடை ஊழியர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் செய்யப்பட்டது 2021ஆம் ஆண்டில்! அதைக் கேட்க அத்தா இல்லை.) 1968ஆம் ஆண்டில் அவருக்கு மஞ்சள் காமாலை கண்டது. கீழாநெல்லியும் மோருமாகப் பத்தொன்பது நாள் வீட்டில் கிடந்தார். அப்போது அவர் சம்பளம் மாதம் தொண்ணூறு ரூபாய். மாத முடிவில் நாளுக்கு மூன்று ரூபாய் வீதம் ஐம்பத்தேழு ரூபாயைப் பிடித்துக்கொண்டு முப்பத்துமூன்று ரூபாய் கொடுத்தார்கள். அம்மாவின் காதுத் தோடு அடகுக்கடைக்குப் போனது அந்த மாதத்தில்தான்.

கடை முதலாளி கெட்டவர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அவர் நல்லவர். அத்தா படுத்திருந்தபோது சாத்துக்குடிப் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ராவுத்தரே, கடை எங்கே போய்விடும்?” என்று சொல்லித் தலையணைக்கு அடியில் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பத்து ரூபாயை அத்தா தம் ஆயுள் முழுவதும் நன்றியோடு நினைவுகூர்ந்தார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர், அலுவல் நிமித்தமாகச் சட்டப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 25ஆம் பிரிவு நம் கண்ணில் பட்டது. நோயுற்றாலும் விபத்து நேர்ந்தாலும் கடை ஊழியருக்கு ஆண்டொன்றுக்கு 12 நாள் வரை ஊதியத்துடன் விடுப்பு. தக்க காரணம் இருப்பின் தற்செயல் விடுப்பாக இன்னும் 12 நாள். இவ்விரண்டும் வேலைக்குச் சேர்ந்த முதலாண்டிலேயே உண்டு. ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய பின்னர் ஊதியத்துடன் ஓய்வு நாட்கள் வேறு 12. அத்தா காமாலையில் கிடந்தபோது அச்சட்டத்துக்கு வயது இருபத்தொன்று.

நோய் விடுப்பை மட்டும் கணக்கிட்டால்கூட, பன்னிரண்டு நாளுக்கு முப்பத்தாறு ரூபாய் அவருக்குச் சேர வேண்டியிருந்தது. பத்து ரூபாயைக் கொடையாகப் பெற்றவர் முப்பத்தாறு ரூபாயை உரிமையாகப் பெறவில்லை. அத்தாவுக்கும் அது தெரியாது. அந்த முதலாளிக்கும் தெரிந்திருக்குமா என்பது நமக்கு ஐயமே. ஆனால் இன்றும் எத்தனையோ கடைகளில் இதே நாடகம் நடக்கிறது. நோன்புப் பெருநாளுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கும் தாராளக் கை, காய்ச்சலில் கிடந்த நாட்களைக் கணக்குப் பார்த்துக் கழிக்கிறது. தயாளமும் வேண்டியதுதான். ஆனால் தயாளத்தை எதிர்பார்த்து நிற்பவன் தலையைக் குனிந்தே நிற்க வேண்டியிருக்கிறது. அத்தா அப்படித்தான் நின்றார். அதை நினைத்தால் நமக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

தொழிற்சாலையின் கதை வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் நோய்க்கென்று தனி விடுப்பு வைக்கப்படவில்லை. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் அடுத்த ஆண்டில் ஊதிய விடுப்பு என்றிருந்தது, அவ்வளவே. நோயைக் காப்பீட்டின் பொறுப்பில் விட்டார்கள். அதே 1948இல் பிறந்ததுதான் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம். மக்கள் வாயில் இ.எஸ்.ஐ. 1944இல் பேராசிரியர் அடார்க்கர் அளித்த அறிக்கை இதற்கு அடிப்படை. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு இத்திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025 நவம்பர் 21 முதல் அப்பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடர்கிறது.

இதன் உள்ளமைப்பைச் சற்று விளக்குவோம். 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி, தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயை அவரிடமும், மூன்றேகால் ரூபாயை முதலாளியிடமும் பெறுகிறார்கள். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இதற்குள் வருகின்றனர். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டப்பட்டிருந்தால், அதற்குரிய பயன்பெறும் காலத்தில் நோயுற்றவருக்குச் சராசரி நாட்கூலியில் நூற்றுக்கு எழுபது வீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை பணம் கிடைக்கும். காசநோய், தொழுநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற 34 நெடுநோய்களுக்கு, இரண்டாண்டு தொடர்ந்து பணியில் இருந்து போதிய சந்தாவும் கட்டியவராயின், நூற்றுக்கு எண்பது வீதம் இரண்டாண்டு வரை நீளும். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் நோய்க்காலப் பணம் கிடையாது. மருந்தும் சிகிச்சையும் மட்டும் சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. இந்த ஒன்பது மாதக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல், “எங்கள் பணத்தைப் பிடித்தார்களே, எங்கே கொடுத்தார்கள்?” என்று சண்டைக்கு வந்த இளைஞர்கள் பலரை நாம் கண்டிருக்கிறோம்.

எல்லாவற்றிலும் தொல்லை தருவது முதல் இரண்டு நாள். நோயின் முதல் இரண்டு நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் தராது. முன்பு பணம் பெற்ற நோய் முடிந்து பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்த விலக்கு இல்லை. ஒருவரின் சராசரி நாட்கூலி 600 ரூபாய் என்று கொள்வோம். மூன்று நாள் காய்ச்சலில் அவர் இழப்பது 1,800 ரூபாய். பெறுவது ஒரே நாளுக்கு 420 ரூபாய். அந்த 420 ரூபாய்க்காக மருந்தகத்தில் சீட்டுப் பெற்று, வரிசையில் நின்று, மருத்துவரிடம் சான்று வாங்கி, மீண்டும் வேலைக்குத் தகுதி என்று இறுதிச் சான்றும் வாங்க வேண்டும். நம் நிலையத்தில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த பெரியவர் ஒருவர், “கணக்குப்பிள்ளை, படுத்தா ரெண்டு நாள் கூலி போச்சு, எழுந்திருச்சா அரை நாள் போச்சு. நின்னுக்கிட்டே சாகலாம் போலிருக்கு” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஏதுமில்லை.

இந்தக் காத்திருப்பு நாட்கள் நம் நாட்டின் கண்டுபிடிப்பு அல்ல. செர்மனியில் பிசுமார்க் 1883இல் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டுச் சட்டமும் தொடக்க நாட்களை விட்டுவிட்டுத்தான் அரைக்கூலி கொடுத்தது. அதன் எல்லை பதின்மூன்று வாரம். நம்முடைய 91 நாளும் அதே பதின்மூன்று வாரந்தான்! சிறு தலைவலிக்கெல்லாம் காப்பீட்டுப் பணத்தைக் கேட்டுவிடக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் எண்ணம். ஆனால் நடைமுறையில் நிகழ்வது யாதெனில், சிறு நோயை மறைத்து வேலைக்கு வருகிறார்கள். அது பெருநோயாக முதிர்ந்த பின்னரே மருந்தகத்துக்குப் போகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் அந்த இரண்டு நாளுக்குத் தம் கணக்கிலுள்ள ஊதிய விடுப்பை எழுதிக்கொள்வார்கள். ஊதிய விடுப்பில் இருக்கும் நாளுக்கு இ.எஸ்.ஐ. பணமும் சேர்த்துப் பெற முடியாது. ஆனால் எப்படியும் பணம் வராத நாட்களல்லவா அவை? இதற்கென்று ஆண்டு விடுப்பில் நான்கு நாளையாவது ஒதுக்கி வைக்கும்படி கேட்டவர்க்கெல்லாம் நாம் சொல்லி வந்தோம்.

மற்றொரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலையால் வந்த நோயும், தானாக வந்த நோயும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. குரோமியம் பட்டுக் கையில் புண் குழிந்தால் அது சாதாரண நோயன்று, தொழில்வழி நோய். இயந்திரத்தில் விரல் நசுங்குவதற்கு ஒப்பானது. அதற்குக் கூலியில் நூற்றுக்கு தொண்ணூறு வீதம், உழைக்க இயலாத காலம் முழுவதும் தரப்படும். முன்னர் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இருந்தும் அத்தகைய புண்களுடன் மருந்தகம் சென்றவர்கள், தாம் செய்யும் வேலையைச் சொல்லாமல் “சொறி” என்று சொல்லிக் களிம்பு வாங்கிக்கொண்டு வந்தார்கள். கேட்பவரும் கேட்கவில்லை, சொல்பவரும் சொல்லவில்லை. எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடைப்பட்ட இருபது, களிம்போடு கரைந்துபோனது.

பழைய சட்டத்தின் 73ஆம் பிரிவைத் தொழிலாளர்கள் அறிந்ததைவிட மேஸ்திரிகள் அறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இ.எஸ்.ஐ. பணம் பெற்றுக்கொண்டோ, சான்று பெற்ற நோயில் சிகிச்சையிலோ இருக்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது அப்பிரிவு. ஆனால் சான்று நம் கைக்கு வந்தால்தானே ஏட்டில் விடுப்பு என்று எழுத முடியும்? ஒருமுறை குடற்காய்ச்சலில் கிடந்த ஒருவரின் சான்றை அவர் மகன் மேஸ்திரியிடம் கொடுத்துச் சென்றான். மேஸ்திரியின் சட்டைப்பையிலேயே அது பத்து நாள் தூங்கியது. ஏட்டில் பத்து நாளும் மூன்றாம் குறி விழுந்திருந்தது. தொழிலாளி திரும்பி வந்தபோது அவருடைய இடத்தில் வேறொருவர் நின்றார். மருந்தகத்து ஏட்டில் தேதி இருந்தமையால் வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. அது இல்லாதிருந்தால்? ஆகவேதான் சான்றைக் கொடுத்தவுடன் ஒரு சிறு துண்டுத்தாளிலாவது பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். நம்பிக்கையின்மை அன்று இது. கடன் கொடுக்கல் வாங்கலில் எழுதி வைத்துக்கொள்வதில்லையா, அதைப் போன்றதே.

முதலாளிமார் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வருகிறவர்களை நாமும் அறிவோம். உள்ளூர்த் திருமணத்தின் முதல் நாள் வாங்கிய மருத்துவச் சான்றுடன், பிரியாணிச் சட்டியின் அருகில் நின்றவரையும் அறிவோம். சான்றை விலைக்கு எழுதித் தரும் மருத்துவர் எந்த ஊரில் இல்லை? இத்தகையோரால் உண்மையான நோயாளியின் முகத்தையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்துவிடுகிறது. ஆனால் நாம் கண்டவரையில் பொய் நோயாளியால் நிலையத்துக்கு நேர்ந்த நட்டத்தைவிட, நோயை மறைத்து வேலைக்கு வந்தவரால் நேர்ந்த நட்டமே அதிகம். இருமிக்கொண்டே வந்த ஒருவர் காசநோயாளி என்று தெரிவதற்குள் பக்கத்தில் நின்றவர் இருவர் மருந்து உண்ணத் தொடங்கியிருந்தனர்.

கடல் கடந்து போன நம் பிள்ளைகளின் நிலையை வீட்டிலுள்ளோர் அறிந்திருப்பது நலம். சவூதி அரேபியத் தொழிலாளர் சட்டத்தின் 117ஆம் பிரிவின்படி, ஓராண்டில் நோயின் முதல் 30 நாளுக்கு முழு ஊதியம். அடுத்த 60 நாளுக்கு முக்கால் ஊதியம். அதற்கடுத்த 30 நாளுக்கு ஊதியம் இல்லை, விடுப்பு மட்டும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, சோதனைக் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள். முதல் 15 நாள் முழு ஊதியம், அடுத்த 30 நாள் அரை ஊதியம், எஞ்சியவை ஊதியமின்றி. நோயுற்ற செய்தியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்துவிட வேண்டும். சிங்கப்பூரில் ஆறு மாதம் பணியாற்றியவருக்கு வெளிநோயாளியாக 14 நாள். மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அந்தப் பதினான்கையும் சேர்த்து 60 நாள். வீட்டு ஓட்டுநராகவும் சமையற்காரராகவும் வளைகுடா சென்றோர் பொதுவான தொழிலாளர் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்குத் தனி விதிகள். அரபியிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது சம்பளத் தொகையைத் தேடும் கண்கள், நோய் விடுப்பு என்ற வரியையும் ஒருமுறை தேடட்டும்.

எந்த ஏட்டிலும் பெயரில்லாத உழைப்பாளிகளும் இருக்கிறார்கள். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் நம் சகோதரிகளுக்குச் சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. கை ஓய்ந்த நாளில் கூலியும் ஓய்ந்தது. தாய் படுத்தால் மகள் பள்ளிக்குப் போகாமல் அந்த முறத்தை எடுத்துக்கொள்கிறாள். தாயின் நோய் விடுப்பை மகளின் படிப்பிலிருந்து கழிக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணுக்கும், வராத நாளைச் சுவரில் கரிக்கோடு போட்டுக் கழிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

பள்ளிவாசலையும் பேசாமல் விடலாகாது. பேஷ் இமாமும் மோதினாரும் ஊதியம் பெறும் பணியாளர்களே. வெள்ளிக்கிழமையும் பெருநாளும் மற்றவர்க்கு விடுமுறை; அவர்களுக்கு அன்றுதான் கூடுதல் வேலை. ஐந்து வேளையும் உள்ளவரை வார ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் மஹல்லாவில் சென்ற ஆண்டு மோதினாருக்குக் கண்ணில் புரை எடுக்க வேண்டியிருந்தது. அவர் கேட்டது இரண்டு வாரம். “பாங்கு சொல்ல ஆள் வைத்துவிட்டுப் போங்கள்” என்றார்கள். தம் சம்பளத்திலிருந்தே ஓர் இளைஞருக்குப் பணம் கொடுத்துவிட்டு அவர் மதுரைக்குப் போனார். கண்ணில் கட்டோடு திரும்பியவர், பத்தாம் நாளே சுபுஹுக்கு ஒலிபெருக்கியின் முன் நின்றார்.

அதன் பிறகு நடந்த ஜமாஅத் கூட்டத்தில் நாமும் வேறு நால்வரும் சேர்ந்து ஒரு விண்ணப்பம் வைத்தோம். கடைச் சட்டத்தின் அளவையே எடுத்துக்கொண்டு, இமாமுக்கும் மோதினாருக்கும் ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு முழுச் சம்பளத்துடன். அதற்குமேல் ஒரு மாதம் வரை அரைச் சம்பளம். மாற்று ஆளுக்கு ஆகும் செலவு பள்ளிவாசல் வருமானத்திலிருந்து. பொருளாளர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். பள்ளிக்குச் சொந்தமான நான்கு கடைகளின் வாடகை எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்று வாசித்தார். முதியவர் ஒருவர், “நாமெல்லாம் பார்த்துக்கொள்ள மாட்டோமா, இதற்கு எழுத்து வேறு எதற்கு?” என்று கேட்டார். அவர் மனமாரத்தான் கேட்டார். மோதினாரின் கண் மருந்துக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தவரும் அவரே. விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. கூட்டம் ஷவ்வால் மாதத்தில் என்று அறிவித்திருக்கிறார்கள். மோதினாருக்கு மற்றொரு கண்ணிலும் புரை முற்றி வருகிறது.